துருவ நட்சத்திரமும் செப்புக் கம்பியும்

7 மெகாஹெர்ட்ஸில் பேச விரும்பும் ஹாம் வானொலி ஆர்வலருக்குச் சுமார் 20 மீட்டர் செப்புக் கம்பி போதும். நடுவில் வெட்டி, இரு பாதிகளிலும் கேபிளை இணைத்தால் ஆன்டெனா தயார். உயரக் கட்டினால், கம்பி நீளும் திசையில் அல்ல, அதன் பக்கவாட்டில்தான் அலை வலுவாகப் போகும். ஆகவே திசை முக்கியம். திசைகாட்டி சொல்வது காந்த வடக்கு. அது இடத்துக்கு இடம் மாறும். இரவில் மாடியேறித் துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள்: நம் ஊரில் அது உண்மையான வடக்கிலிருந்து ஒரு பாகைகூட விலகாது.

அதே நட்சத்திரத்தைத்தான் சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகையால் அளந்தார்கள். சிறு பலகை, அதன் நடுவே முடிச்சுகள் போட்ட கயிறு, அவ்வளவுதான். எத்தனை அழகான கருவி! கயிற்றைப் பல்லில் கடித்து இழுத்து, பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ, அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகையில் கப்பல் இருக்கிறது. நட்சத்திரத்தின் உயரமும் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றுதான். சென்னையில் அது 13 பாகை. தெற்கே கோடியக்கரையில் 10 பாகைதான், கடலை ஒட்டித் தாழ்ந்து தெரியும்.