காதால் படிக்கும் பத்திரிகை

பத்திரிகைகளில் வெளியாகும் நீண்ட கட்டுரைகளை நல்ல குரலுடையோரைக் கொண்டு வாசிக்கச் செய்து, அந்த ஒலிப்பதிவைச் சந்தாதாரர்களின் கைபேசிக்கு அனுப்பும் தொழில் மேல்நாடுகளில் சில ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. 2016-இல் லண்டனில் 'கியூரியோ' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கிய இருவரில் பி.பி.சி.யில் பணிபுரிந்த கோவிந்த் பாலகிருஷ்ணன் ஒருவர். வக்கீலான ஸ்ரீகாந்த் சக்கரவர்த்தி மற்றொருவர். இதே தொழிலில் ஈடுபட்டிருந்த 'ஆடம்' என்ற அமெரிக்க ஸ்தாபனத்தை 2020-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விலைக்கு வாங்கிற்று. அச்செழுத்தால் புகழ்பெற்ற பத்திரிகையே குரலைத் தேடிச் சென்றது கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதிய விஷயமன்று. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய காலத்தில் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. திண்ணையில் ஒருவர் உரக்க வாசிக்க, சூழ்ந்திருந்தோர் கேட்டு வாதித்தனர். பின்னாளில் தேநீர்க் கடைகளிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் அமைந்த பிறகு, செய்தி ஆகாய மார்க்கமாக வரலாயிற்று. எனினும் சில நிமிஷச் செய்தியறிக்கை ஒரு கட்டுரையின் வேலையைச் செய்ய இயலாது. தனியார் பண்பலை நிலையங்களோ சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி பெற்றவை அல்ல. ஆகாசவாணியின் அறிக்கையை அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. ஆகவே, ஒரு விஷயத்தின் காரணகாரியங்களை விளக்கும் எழுத்து, படிக்க இயலாதவரிடம் போய்ச் சேரும் வழி அநேகமாக அடைபட்டே கிடக்கிறது.

விருதுநகர் ஜில்லாவில் வத்திராயிருப்பை அடுத்த மகாராஜபுரத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வட்டாரத்து நெல்லும் தென்னையும் பிளவக்கல் அணைகளின் நீரை எதிர்பார்த்திருப்பவை. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டதிலிருந்து, வனச் சட்டமும் மலையடிவார மக்களின் வாழ்க்கையில் நெருங்கி வந்திருக்கிறது. இவை பற்றிப் பத்திரிகைகள் நிரம்ப எழுதுகின்றன. எவரைக் குறித்து எழுதப்படுகிறதோ அவரே அதைப் படிக்க முடியாதிருப்பது பரிதாபமல்லவா? 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி நமது மாகாணத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பெண்களில் சுமார் 73 பேரே. எழுத்தறிந்தவருக்கும் வயலிலும் தோப்பிலும் அடுக்களையிலும் கை ஓய்வதில்லை. காதுக்கு மட்டும் ஓய்வுண்டு.

இத்தொழிலைத் தமிழில் நடத்த முன்வருவோர் முதலில் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். கட்டுரை எழுதியவருக்கோ பத்திரிகைக்கோ உரிய பதிப்புரிமை, அதை ஒலியாக மாற்றுவதாலேயே அற்றுப் போவதில்லை. அனுமதியும் கூலியும் அவசியம். கண்பார்வை அற்றோர் முதலியவர்களுக்காக இலாப நோக்கின்றிச் செய்வதற்கு மட்டும் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 2012-இல் செய்த திருத்தத்தால் இடமளிக்கிறது. அவர்களுக்கான மராகேஷ் சர்வதேச உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாவே. இந்தச் சலுகையைத் தமிழ்ப் பத்திரிகைகளின் விஷயத்தில் பூரணமாகப் பயன்படுத்துவது நமது கடமை.

அடுத்தது குரல். செலவு குறையுமென்று இயந்திரத்தையே வாசிக்க விடும் ஆசை எழுவது இயல்பு. தமிழ் எழுத்தோ வாசிப்பவரின் அறிவை நம்பி நிற்பது. 'பாவம்' என்று எழுதியிருந்தால், அது புண்ணியத்துக்கு எதிரானதா, நடிகரின் முகத்தில் தோன்றுவதா என்பதை இடம் நோக்கி உணர்ந்தே உச்சரிக்க வேண்டும். தேங்காய் விலையையும் மழை அளவையும் இயந்திரம் வாசிக்கட்டும்; நமக்கு ஆட்சேபமில்லை. ஒரு நியாயத்தை எடுத்துரைக்கும் கட்டுரைக்குப் பொருளுணர்ந்த மனிதரின் குரல் வேண்டும். வாசிப்பது இயந்திரமாயின், தொடக்கத்திலேயே அதை அறிவித்துவிடுவதுதான் நேர்மை. கட்டுரையைக் குறைக்காமலும், எழுதியவரின் பெயரை மறைக்காமலும் வாசிப்பது அதனினும் முக்கியம். அச்சில் கண்டதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கலாம். காதில் விழுந்து மறைவதைக் கேட்பவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, விலை. விலையுயர்ந்த கைபேசியும் மாதச் சந்தாவும் உள்ளவருக்கே இது கிட்டுமானால், முன்னமே படிப்பவர்தான் இன்னுமொரு வசதி பெறுவார். சத்தீஸ்கரில் 2010-இல் சுப்ராங்சு சௌத்ரி தொடங்கிய 'சி.ஜி.நெட் ஸ்வரா'வில், சாதாரணத் தொலைபேசியிலிருந்து அழைத்தே ஆதிவாசிகள் செய்தி சொல்லவும் கேட்கவும் வழி ஏற்பட்டது. அந்த உபாயம் தமிழ்நாட்டுக்கும் ஏற்றதே. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெளிவாகத் தமிழ் வாசிக்கவல்ல படித்த இளைஞருக்குக் குறைவில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் ஒன்றுகூடி, அவர்களுக்குக் கூலி கொடுத்து, தினம் ஒரு கட்டுரையையேனும் வாசிக்கச் செய்து, ஒரு தொலைபேசி எண்ணில் எவரும் கேட்கும்படி வைக்கலாம். அயல்நாட்டு வியாபாரி வந்து செய்யட்டும் என்று காத்திருப்பது உசிதமன்று. வாசிக்கத் தெரியாத ஒரே காரணத்தால் எந்தக் குடிமகனும் தன் ஊரின் காரியத்தை அறியாதிருக்கலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.