உங்களுக்குத் தெரியுமா? காருக்குத் தடை போட்ட மலை!

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கார் ஏறிவிடும். மகாராஷ்டிரத்தின் மாதேரான் மலையூரிலோ காருக்கு அனுமதியே கிடையாது!

• வண்டி தஸ்தூரி நாக்கா வாகன நிறுத்தத்தோடு சரி. அங்கிருந்து கடைவீதிக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் செம்மண் பாதை. நடக்கலாம், குதிரை ஏறலாம். ஆம்புலன்ஸுக்கு விலக்கு.

• மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷாவும் ஓடிவந்தது. புகையில்லா ஊரின் சங்கடமான பக்கம் அது. ஆறு மாதத்தில் அதை நிறுத்தும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாற்று: பேட்டரி ரிக்‌ஷா.

• அடிவாரமான நேரலிலிருந்து 1907 முதல் குட்டி ரயில். தூரம் சுமார் 21 கிலோமீட்டர். மழைக்காலத்தில் நேரல் ரயில் நின்றுவிடும். தஸ்தூரி நாக்கா அருகிலுள்ள அமன் லாட்ஜ் நிலையம் – மாதேரான் இடையே மட்டும் ஓடும்.