பெயிண்ட் ஆவி வெளியே போகட்டும்

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன பல குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அங்கே பலருக்கு வீடுதான் பட்டறை.

ஒரு வீட்டைப் பார்ப்போம். மழைக்காலம். சன்னல் மூடியிருக்கிறது. கணவர் இரும்புக் கட்டிலுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறார். துணித்திரைக்கு அந்தப் பக்கம் குழந்தை தரையில் தூங்குகிறது. மனைவி சமைக்கப் போகிறார்.

"என்னங்க, தலை சுத்துது" என்கிறார் மனைவி. கையில் தீப்பெட்டி இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் கார் பட்டறையில் பெயிண்டர். வாடை தாங்காமல் ஓடி வருகிறார்.

"அக்கா, அடுப்பைப் பத்த வைக்காதீங்க! பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளியே வாங்க!"

அவர் ஏன் பதறினார்?

ஆவி என்ன செய்யும்?

பெயிண்டில் தின்னர் கலக்கிறார்கள். தின்னர் ஆவியாகும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோரமாகப் பரவும். கண்ணுக்குத் தெரியாது. தீக்குச்சி, பீடி, சுவிட்சில் வரும் சின்னப் பொறி, எதுவும் போதும். குப்பென்று பற்றிக்கொள்ளும்.

இந்த ஆவியைச் சுவாசித்தால் தலைவலி, மயக்கம், வாந்தி வரும். பல ஆண்டுகள் சுவாசித்தால் நரம்பும் மூளையும் கெடும். சிறிது நேரத்தில் மூக்குக்கு வாடை பழகிவிடும். வாடை தெரியவில்லை என்றால் ஆவி இல்லை என்று பொருள் அல்ல.

என்ன செய்யலாம்?

திறந்த வெளியில் அடிப்பதே நல்லது. முடியாவிட்டால் தனி அறை வேண்டும். சமைக்கும் இடமும் படுக்கும் இடமும் அதில் இருக்கக் கூடாது.

காற்றுக்கு இரண்டு வழி வேண்டும். ஒரு சுவரில் நல்ல காற்று நுழைய வேண்டும். எதிர்ச் சுவரில், தரையோரமாக, எக்ஸாஸ்ட் ஃபேன் ஆவியை இழுக்க வேண்டும். நல்ல காற்று முதுகுப் பக்கம் வரும்படி நின்று அடியுங்கள். அப்போது ஆவி முகத்துக்கு வராது.

எவ்வளவு பெரிய ஃபேன்? காற்று நிமிடத்துக்கு 100 அடி நகர வேண்டும். அறை 5 அடி அகலம், 6 அடி உயரம் என்றால், 5 x 6 = 30. அதை 100 ஆல் பெருக்கினால் 3,000. நிமிடத்துக்கு 3,000 கன அடி காற்றை இழுக்கும் ஃபேன் வேண்டும். குளியலறை ஃபேன் போதாது.

சாதாரண ஃபேன் மோட்டாரில் பொறி வரலாம். ஆவி போகும் வழியில் அதை வைக்காதீர்கள். 'ஃபிளேம் புரூஃப்' மோட்டார் கேட்டு வாங்குங்கள். சுவிட்சை அறைக்கு வெளியே வையுங்கள்.

வெளியே போகும் ஆவி அடுத்த வீட்டுச் சன்னலுக்குள் போகக் கூடாது. வேலை முடிந்ததும் ஃபேனை நிறுத்தாதீர்கள். பெயிண்ட் காயும்போதும் ஆவி வரும்.

முகத்தில் கைக்குட்டை கட்டினால் ஆவி நிற்காது. கரி அடைத்த டப்பா பொருத்திய முகமூடி வேண்டும். ஹார்டனர் கலக்கும் கார் பெயிண்டுக்கு அதுவும் போதாது. அது தீராத ஆஸ்துமா தரும். அதை வீட்டில் அடிக்கவே வேண்டாம்.

யாருக்காவது மயக்கம் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது? மழை விட்டதும் கட்டில் வெளியே வருகிறது. கணவர் அங்கேதான் பெயிண்ட் அடிக்கிறார். குழந்தை உள்ளே நிம்மதியாகத் தூங்குகிறது.

யோசியுங்கள்

1. ஃபேனைத் தரையோரமாக வைப்பது ஏன்?
2. உங்கள் தெருவில் வீட்டுக்குள் பெயிண்ட் அடிப்பவர் உண்டா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?