பக்கத்து பில்டிங் பைப் நமக்கு உதவுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ப்ளேஸ்மென்ட்னு எல்லாரும் ஓடிட்டு இருக்கற நேரத்துல, சுவத்துல ஓடற ஒரு சிவப்பு பைப்பைப் பத்தி எழுதறேன். எங்க அக்கா விழுப்புரத்துல ஒரு துணிக்கடையில வேலை பார்க்கறாங்க. போன வருஷம் அந்தக் கடைக்காரங்க பக்கத்து கட்டிடத்தையும் வாங்கி, ஒவ்வொரு மாடியிலயும் நடுச்சுவரை உடைச்சு வழி வெச்சு, ரெண்டையும் ஒரே கடையா ஆக்கிட்டாங்க. அக்காவுக்கு புது பக்கம், 3-வது மாடி, சுடிதார் செக்‌ஷன்.

தீபாவளி சமயத்துல ராத்திரி அக்காவைக் கூப்பிடப் போனப்போ ஒண்ணு கவனிச்சேன். பழைய கட்டிடத்து படிக்கட்டுல சிவப்பு பைப்பும், மாடிக்கு ஒரு வால்வும், ஹோஸ் பெட்டியும் இருக்கு. புது கட்டிடத்துல எதுவுமே இல்ல. மேனேஜர் சார்கிட்ட கேட்டேன். "பக்கத்துலதானே தம்பி இருக்கு, ஹோஸை இழுத்துட்டு வந்தா போச்சு" என்றார். கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா அது சரியில்லைன்னு ரூம்ல உட்கார்ந்து கணக்குப் போட்டப்போதான் புரிஞ்சது.

முதல்ல அந்த பைப் என்னன்னு பார்ப்போம்.

அதோட பொதுப்பெயர் ஸ்டாண்ட்பைப். நம்ம ஊர்ல ரைசர்னு சொல்வாங்க. குறைஞ்சது 100 மி.மீ. விட்டம், மாடிக்கு மாடி 63 மி.மீ. கப்ளிங் போட்ட வால்வு. இதுல மூணு வகை உண்டு. வெட் ரைசர்னா பைப்ல எப்பவும் தண்ணி அழுத்தத்தோட நிக்கும், கீழ இருக்கற பம்ப் தள்ளும். டவுன்கமர்னா மொட்டை மாடி டேங்க்ல இருந்து தண்ணி கீழ இறங்கும். ட்ரை ரைசர்னா சாதாரணமா காலி பைப். தீயணைப்பு வண்டி வந்து, வெளிச்சுவத்துல இருக்கற இன்லெட்ல பம்ப் பண்ணினாத்தான் தண்ணி வரும்.

ஏன் பைப் வேணும், வெளியில நின்னு அடிச்சா போதாதான்னு கேக்கலாம். 2017 மே 31 அதிகாலை, சென்னை தி.நகர் உஸ்மான் ரோட்டுல தி சென்னை சில்க்ஸ் கட்டிடம் தீப்பிடிச்சது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாம ஸ்கூல் படிச்ச காலம், நாள் முழுக்க டிவியில அதுதான் ஓடிச்சு. புகையால உள்ள போக முடியாம, பெரும்பாலும் வெளியிலிருந்தே தண்ணி அடிச்சாங்க. ஒரு நாள் தாண்டியும் தீ முழுசா அடங்கல. ஜூன் 1 அதிகாலை கட்டிடத்தோட ஒரு பகுதி சரிஞ்சு விழுந்துச்சு. அக்கம்பக்கத்து கட்டிடங்கள்ல இருந்தவங்களையும் வெளியேத்த வேண்டியதாச்சு. கடைசியில மொத்த கட்டிடத்தையும் இடிச்சாங்க. துணி அடுக்கி வெச்ச கடையில, வெளியிலிருந்து அடிக்கற தண்ணி தீ எரியற இடத்துக்குப் போய்ச் சேரறது ரொம்ப கஷ்டம். தீ சின்னதா இருக்கும்போதே உள்ளேயிருந்து அடிக்கணும். அதுக்குத்தான் மாடிக்கு மாடி வால்வு.

இப்ப அக்கா கடைக்கு வருவோம். அடுத்த தடவை போனப்போ டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன். 3-வது மாடியில, பழைய படிக்கட்டு வால்வுல இருந்து உடைச்ச சுவர் வரைக்கும் 18 மீட்டர். அங்கேயிருந்து புது பக்கத்து கடைசி ட்ரையல் ரூம் வரைக்கும் 26 மீட்டர். மொத்தம் 44. பெட்டியில இருக்கற ஹோஸ் 15 மீட்டர்ல ரெண்டு, ஆக 30. அதாவது சுவர் தாண்டி 12 மீட்டர்ல ஹோஸ் தீந்துடும். இன்னும் 14 மீட்டர் பாக்கி. நாசில்ல இருந்து தண்ணி பாயற தூரம்னு டிசைன்ல 9 மீட்டர் எடுத்துக்குவாங்க. அப்படியும் 5 மீட்டர் குறையுது. இதுவும் நேர்கோட்டுக் கணக்குதான். நடுவுல இருக்கற ரேக்கை எல்லாம் சுத்தி இழுத்தா இன்னும் குறையும்.

நம்ம ஊர் டிசைன்ல தரைப்பரப்பு 1000 சதுர மீட்டருக்கு ஒரு ரைசர், எந்த மூலையும் வால்வுல இருந்து 30 மீட்டருக்குள்ள இருக்கணும்னு எடுத்துக்கறதுக்கு காரணம் இதுதான்.

"இன்னும் ரெண்டு ஹோஸ் வாங்கி வெச்சா?" இதுவும் மேனேஜர் சார் கேள்விதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல பார்த்தது நினைவிருக்கா? நீளம் ரெண்டு மடங்கானா உராய்வு இழப்பும் ரெண்டு மடங்கு. நம்ம தேசிய கட்டிடக் கோடு 2016, அதாவது என்.பி.சி., உச்சி மாடி வால்வுல 3.5 பார் அழுத்தம் கேக்குது. 10 மீட்டர் ஏறினா சுமார் 1 பார் போயிடும். 18 மீட்டர் உயரத்துல இருக்கற வால்வுக்கு பம்ப் குறைஞ்சது 5.3 பார் தரணும், பைப் உராய்வு தனி. அந்த பம்ப் 30 மீட்டர் ஹோஸை நினைச்சு போட்டது. 60 மீட்டர் ஹோஸை நினைச்சு போட்டதில்ல.

அழுத்தம் குறைஞ்சா என்ன ஆகும்? அமெரிக்காவுல பிலடெல்பியா நகரத்துல ஒன் மெரிடியன் பிளாசான்னு 38 மாடி கட்டிடம். 1991 பிப்ரவரி 23 அன்னைக்கு 22-வது மாடியில தீ. ஸ்டாண்ட்பைப் இருந்துச்சு, வால்வும் இருந்துச்சு. ஆனா அழுத்தம் குறைக்கற வால்வுகளைத் தப்பா செட் பண்ணியிருந்ததால ஹோஸ்ல போதுமான தண்ணி வரல. 3 தீயணைப்பு வீரர்கள் இறந்துட்டாங்க. 30-வது மாடியில இருந்த 10 ஸ்ப்ரிங்க்ளர்தான் கடைசியில தீயை நிறுத்துச்சு.

சரி, அழுத்தமும் நீளமும் எப்படியோ சரி பண்ணிட்டோம்னு வெச்சுக்குவோம். அப்பவும் பெரிய சிக்கல் ஒண்ணு மிச்சம் இருக்கு. அந்த உடைச்ச சுவர்.

ரெண்டு கட்டிடத்துக்கு நடுவுல இருக்கற சுவர்தான் தீ ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் தாவாம தடுக்குது. அதுல வழி வெச்சா, தானா மூடிக்கற தீத்தடுப்புக் கதவு இருக்கணும். அப்படி இருந்தா அந்த வழி ஒரு வசதியும் ஆகும். புது பக்கம் தீப்பிடிச்சா அக்காவும் கஸ்டமர்களும் படி இறங்காமலே, அதே மாடியில பழைய பக்கம் போய் கதவுக்குப் பின்னாடி பாதுகாப்பா நிக்கலாம், அங்கிருந்து நிதானமா இறங்கலாம். கோடுல இதுக்கு ஹாரிசான்டல் எக்ஸிட்னு பேர்.

இப்ப பழைய பக்கத்து வால்வுல இருந்து ஹோஸை இழுத்துட்டு அந்தக் கதவு வழியா போறீங்க. தண்ணி நிறைஞ்ச ஹோஸ் நிலைப்படியில கிடந்தா கதவு மூடாது. புகை ஹோஸ் போன வழியிலயே திரும்பி வரும். யாரெல்லாம் பாதுகாப்புன்னு நம்பி அந்தப் பக்கம் நிக்கறாங்களோ, அவங்க மேலேயே வரும். தீயை அணைக்கப் போன ஹோஸே தப்பிக்கற இடத்தைக் கெடுத்துடும்.

அதனாலதான் அமெரிக்காவுல பயன்படற இன்டர்நேஷனல் பில்டிங் கோட், ஹாரிசான்டல் எக்ஸிட் இருக்கற சுவத்துக்கு ரெண்டு பக்கமும் ஹோஸ் வால்வு கேக்குது. படிக்கட்டு வால்வுல இருந்தே 30 மீட்டர் ஹோஸும் 9 மீட்டர் தண்ணிப் பாய்ச்சலும் எல்லா இடத்தையும் எட்டினா மட்டும் விதிவிலக்கு. அக்கா கடையில மொத்தம் 44 மீட்டர், எட்டறது 39. விதிவிலக்கும் கிடைக்காது.

ஒண்ணு தெளிவா சொல்லணும். பம்பும் டேங்கும் பொதுவா இருக்கலாம். ஒரே வளாகத்துல நாலஞ்சு ப்ளாக்குக்கு ஒரே பம்ப் ரூம் வைக்கறது சாதாரணம். ஆனா ரைசரும் வால்வும் சுவத்துக்கு அந்தப் பக்கம் தனியா வேணும். பழைய பம்ப் தாங்குமான்னு கணக்குப் பார்த்துட்டு, பழைய லைன்ல இருந்தே ஒரு கிளை எடுத்து புது படிக்கட்டுல ரைசர் ஏத்தலாம். ரெண்டு கட்டிடம் முழுக்க இடிக்கற வேலை இல்ல.

"நம்ம ஊர் கடை அவ்வளவு உயரம் இல்லையே"ன்னு ஒரு பதில் வரும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-ல 18.30 மீட்டர் தாண்டினாதான் உயரமான கட்டிடம், என்.பி.சி.யில 15 மீட்டர்ல இருந்தே. ஆனா என்.பி.சி. உயரத்தை மட்டும் பார்க்கறதில்ல, என்ன பயன்பாடு, எவ்வளவு பரப்புன்னும் பார்க்குது. ரெண்டு கடையை ஒண்ணாக்கினா உயரம் மாறாது, பரப்பு மாறிடும். தனித்தனியா இருந்தப்போ தேவைப்படாதது, சேர்ந்தப்புறம் தேவைப்படலாம்.

நீங்க விழுப்புரம் எம்.ஜி. ரோட்டுலயோ திண்டிவனத்துலயோ கடைக்குப் போனா, இல்ல நம்ம ஹாஸ்டல்லயே, இதைப் பாருங்க:

1. நீங்க நிக்கற பக்கத்துல, சுவர் தாண்டாம, ஒரு வால்வும் ஹோஸ் பெட்டியும் இருக்கா?
2. பெட்டிக்குள்ள நிஜமாவே ஹோஸும் நாசிலும் இருக்கா, இல்ல துடைப்பமா?
3. நடுச்சுவர் வழியில கதவு இருக்கா, அதை ஆப்பு வெச்சு திறந்தே வெச்சிருக்காங்களா?
4. வெளிச்சுவத்து இன்லெட் முன்னாடி பைக் நிக்குதா?

அளவெல்லாம் போட்டு ஒரு பேப்பர்ல ப்ளான் வரைஞ்சு மேனேஜர் சார்கிட்ட கொடுத்தேன். ரெண்டு தடவை பார்த்தார். "ஓனர்கிட்ட காட்டறேன் தம்பி, கொட்டேஷன் வாங்கலாம்" என்றார். இதுவரைக்கும் கொட்டேஷன் வரல. ஆனா உடைச்ச சுவர்கிட்ட வழியை அடைச்சிருந்த ரெண்டு துணி ஸ்டாண்டை நகர்த்திட்டாங்கன்னு அக்கா சொன்னாங்க. பொங்கல் கூட்டம் வர்றதுக்குள்ள மறுபடி போய் கேக்கணும்.