தொண்டையா... நெஞ்சா?

புதுச்சேரியில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு ‘சொல்தா’ வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். பிள்ளைகள் பிரான்ஸில். போய் இருந்துவிட்டு வரும்போது சென்ட் பாட்டிலோடு மெடிக்கல் ரிப்போர்ட்டும் வரும். அதை உள்ளூர் டாக்டருக்காக இங்கிலீஷில் மாற்றுவது அடியேன். பகலில் ஆபீஸ் குமாஸ்தா, சாயங்காலம் மொழிபெயர்ப்பாளன்!

‘ரெண்டு பாஷைக்கும் பாதி வார்த்தை ஒண்ணுதானே... எழுத்தை லேசாத் தட்டினா போச்சு’ என்று நினைத்திருந்தேன். அந்தத் திமிரை அடக்கியது ஒரே வார்த்தை: ‘ஆன்ஜீன்’.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் ரிப்போர்ட்டில் அது இரண்டு இடத்தில் இருந்தது. யோசிக்காமல் ‘ஆஞ்சைனா’ என்று டைப் அடித்துக் கொடுத்தேன். அதாவது, இருதயத்துக்கு ரத்தம் போதாமல் வருகிற நெஞ்சுவலி! படித்த டாக்டர், ‘மாடி ஏறாதீங்க, உடனே இ.சி.ஜி. எடுங்க’ என்றிருக்கிறார். வீடே கலங்கிப்போச்சு. பாரீஸிலிருந்த பையன் டிக்கெட் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இ.சி.ஜி.யில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டருக்குச் சந்தேகம். “அங்கே என்ன மருந்து கொடுத்தாங்க?”

“தொண்டை வீங்கிச்சு சார்... ஆன்டிபயாடிக் கொடுத்தாங்க!”

பிரெஞ்சில் வெறும் ‘ஆன்ஜீன்’ என்றால் தொண்டை அழற்சி. நெஞ்சுவலி என்றால் ‘ஆன்ஜீன் த புவாத்ரீன்’ என்று மார்பையும் சேர்த்துச் சொல்வார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். “உன் ஒரு வார்த்தைக்கு மூணு கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன், தம்பி!” என்றார் பாட்டி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறேன். பி.பி. 12/8 என்றிருந்தால் பதறக் கூடாது. அங்கே சென்டிமீட்டர் கணக்கு, நமக்கு மில்லிமீட்டர். பத்தால் பெருக்கினால் 120/80, நார்மல்! சர்க்கரை 1,10 என்றால் அந்தக் கமாதான் தசமப்புள்ளி. லிட்டருக்கு 1.10 கிராம், நம் லேப் கணக்கில் 110. ஐ.ஆர்.எம். என்பது நம்ம எம்.ஆர்.ஐ.; வி.ஐ.எச். என்றால் எச்.ஐ.வி. எழுத்து இடம் மாறினாலும் விஷயம் ஒன்றுதான்.

அடுத்த ரிப்போர்ட்டைப் பெரியவரே கொண்டுவந்தார். கடைசி வரியில் மூன்றே எழுத்து: ஆர்.ஏ.எஸ். ‘ரியான் அ சிஞ்ஞலே’, அதாவது குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. நான் பேனாவை எடுப்பதற்குள் அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

“அதை மொழிபெயர்க்க வேணாம் தம்பி. பட்டாளத்துல ராத்திரி காவல் முடிஞ்சா நாங்க சொல்றதே அதைத்தான்!”