சுவரைக் கொத்தும் முன்னர்

சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டைப் புதுக்குவோருக்கு இதனினும் ஏற்ற அறிவுரை வேறில்லை எனலாம்.

மடவளையிலும் கண்டியைச் சூழ்ந்த பிற ஊர்களிலும் கட்டடத்துக்கேற்ற சமநிலம் அரிது. ஆதலின், குடும்பம் பெருகும்போது புதிய வளவு தேடாமல், உள்ள வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்புவதையே பலரும் நாடுகின்றனர். மாடிக்குக் குளியலறையும் மலசலகூடமும் வேண்டும். அவற்றின் கழிவுநீர் கீழிறங்கக் குழாயும் வேண்டும். அக்குழாய் கண்ணுக்குத் தெரிந்தால் அழகு கெடும் என்றெண்ணிச் சுவரைக் கொத்தி உள்ளே புதைப்பதில்தான் ஆபத்துத் தொடங்குகின்றது.

வீட்டுச் சுவர்கள் யாவும் ஒரே தொழிலைச் செய்வன அல்ல. சில, அறைகளைப் பிரிப்பதற்கு மட்டும் நிற்பவை. வேறு சில, மேல்தளத்தையும் கூரையையும் சுமப்பவை. கொங்கிறீட் தூண்களின்றிச் செங்கல்லால் எழுந்த பழைய வீடுகளில், ஒன்பது அங்குலச் சுவர்களே பாரம் முழுவதையும் அத்திவாரத்துக்கு இறக்குகின்றன.

இத்தகைய சுவரில் எவ்வளவு கொத்தலாம்? மேலிருந்து கீழாக வெட்டும் தவாளிப்பு, சுவரின் தடிப்பில் மூன்றிலொரு பங்கைத் தாண்டலாகாது. கிடையாக வெட்டுவது ஆறிலொரு பங்கைத் தாண்டலாகாது என்பது பிரித்தானியக் கட்டட விதி. ஒன்பது அங்குலச் சுவருக்கு இவை முறையே 3 அங்குலமும் 1½ அங்குலமும் ஆகும். மலசலகூடக் குழாயின் விட்டமோ 4 அங்குலம்! அஃது எவ்வாறு அடங்கும்?

கிடை வெட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு? பாரம் மேலிருந்து கீழ்நோக்கி இறங்குகின்றது. நெடுக்கு வெட்டு அப்பாரத்தின் வழியில் ஒரு சிறு பகுதியையே குறைக்கும்; கிடை வெட்டோ அதன் வழியையே குறுக்கறுக்கும். கழிவுநீர் ஓடுவதற்கு 40 அடிக்கு ஓரடி என்னும் சரிவு வழக்கமாக வேண்டப்படுவதால், பத்தடி நீளக் குழாய் 3 அங்குலம் தாழ வேண்டும். அதனைச் சுவருக்குள் கொண்டு சென்றால், சுவரின் நீளத்துக்கும் ஒரு சாய்ந்த காயம் உண்டாகும்.

மரச்சட்டங்களால் வீடு கட்டும் அமெரிக்காவிலும், பாரந்தாங்கும் சட்டத்தின் அகலத்தில் காற்பங்குக்கு மேல் வெட்டலாகாது என்றே விதி உள்ளது. பொருள் வேறு, நியாயம் ஒன்றே.

அவ்வாறாயின் வழி யாது? மாடிக் குளியலறையைக் கீழுள்ள குளியலறைக்கு நேர்மேலே அமைக்கலாம். குழாயை வெளிச்சுவரை ஒட்டி நேராக இறக்கலாம்; அழகு வேண்டுவோர் அதற்குத் திறந்து மூடக்கூடிய ஒரு மறைப்பைச் செய்யலாம். பின்னாளில் பொருத்து ஒழுகினாலும் சுவரை உடைக்க நேராது. சுவரைக் கடந்தே தீரவேண்டுமெனில், பொறியியலாளர் காட்டும் இடத்தில், செங்குத்தாக ஊடறுத்துச் செல்லும் ஒரு துளையே போதும்.

2020 ஆகஸ்டில் திகனைப் பகுதியில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டதை நாம் மறத்தலாகாது. பக்கவாட்டில் அசையும்போது முதலில் வெடிப்பது நலிந்த சுவரே. மேசன் உளியை எடுக்கும் முன்னர், "இச்சுவர் எதைத் தாங்குகின்றது?" என்று வீட்டார் கேட்டல் வேண்டும். விடை தெளிவாகும்வரை உளி ஓய்ந்திருக்கட்டும்.