விளையாட்டு வணிகத்திலும் நாணயமே முதல்



கணினி படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு வீடியோ கேம் துறையில் நுழைய ஆசை. பெற்றோருக்கோ செல்போன் விளையாட்டு என்றாலே பயம். இரு தரப்பாருக்கும் பயன்படட்டும் என்றுதான், அந்தத் தொழிலில் ஒரு நிறுவனம் நல்ல பெயர் எடுப்பது எப்படி என்பதை இங்கே விளக்குகிறோம்.

வெளியீட்டாளர் யார்?

விளையாட்டை உருவாக்குவது ஒரு குழு. அதை மக்களிடம் கொண்டு சேர்ப்பவர் வெளியீட்டாளர். நூலுக்குப் பதிப்பகம் எப்படியோ, அப்படி. முதல் போடுவது, பிழை சோதிப்பது, பிற மொழிகளில் தருவது, விளம்பரம் செய்வது, வாங்கியவரின் புகாருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. சிறிய குழுக்கள் இரண்டு வேலையையும் தாங்களே செய்வதும் உண்டு. பணம் கொடுத்த பிறகுதான் சரக்கு எப்படி என்று வாங்கியவருக்கு முழுமையாகத் தெரியும். ஆகவே வெளியீட்டாளரின் பெயரை நம்பியே பலரும் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம்.

மேலே நல்லது, அடியில் அழுகல்

எலுமிச்சைக்குப் பெயர் போன நம் புளியங்குடியில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையின் மேலே நல்ல பழம், அடியில் அழுகல் என்றால் அடுத்த முறை அந்த வியாபாரியிடம் யார் வாங்குவார்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளிருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியும் நாம் அறிந்ததே.

1982இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம், ‘ஈ.டி.’ என்ற புகழ்பெற்ற படத்தின் பெயரில் ஒரு விளையாட்டை வெளியிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஐந்தே வாரங்களில் அவசர அவசரமாகச் செய்தது அது. இலட்சக்கணக்கில் தேங்கிப்போன சரக்கில் ஒரு பகுதியை மறு ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில் குப்பை கொட்டும் இடத்தில் புதைத்தார்கள். தரமில்லாத விளையாட்டுகள் குவிந்ததால் 1983இல் அந்நாட்டில் அந்தச் சந்தையே சரிந்தது.

சரிந்த அதே சந்தைக்குள் 1985இல் ஜப்பானின் நிண்டெண்டோ நுழைந்தது. தான் சோதித்து ஒப்புக்கொண்ட விளையாட்டுக்கு மட்டும் தன் முத்திரையைக் கொடுத்தது. வெளி நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 5 விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. குறைவாக, ஆனால் தரமாக என்ற அந்தக் கண்டிப்பு வாங்குவோரின் நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர உதவியது.

பிள்ளைகளின் பணம்

பெயர் கெடுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் பணம் செலவிட இடம் கொடுத்தது, தவறி ஒரு பொத்தானை அழுத்தினாலே பணம் போகும்படி வைத்தது என்றெல்லாம் அமெரிக்க அரசு ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் அந்நிறுவனம் 52 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசுக்கு விற்பதைச் சூதாட்டமாகவே கருதி, 2018இல் பெல்ஜியம் தடுத்தது. நம் நாட்டிலும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025இல் நிறைவேறியது. சூது ஹராம் என்பது நமக்குப் புதிதல்ல.

ஒரு தமிழ் முன்மாதிரி

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டைத் தானே வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை அது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு, பிரியாணி செய்யும் முறையைக் கண்டுபிடிப்பதே ஆட்டம். துப்பாக்கி இல்லை, சூது இல்லை. ஒருமுறை வாங்கினால் போதும், இடையில் காசு கேட்காது. சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சிறிய விளையாட்டு. ஆனால் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்குத்தான் கொடுத்தது. தமக்கு நன்றாகத் தெரிந்த வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, தம் சக்திக்கு உட்பட்டதை முழுமையாகச் செய்தார்கள். அவர்களுக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, பிள்ளை ஒரு விளையாட்டைக் கேட்டால் உடனே திட்ட வேண்டாம். வெளியிட்டவர் யார், எந்த வயதினருக்கு உரியது, நடுவில் பணம் கேட்குமா என்று மூன்றையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். வங்கி அட்டை விவரத்தைப் பிள்ளை கையிலுள்ள செல்போனில் பதிந்து வைக்காதீர்கள்.

இத்துறைக்குப் போக விரும்பும் இளைஞர்களே, பெரிதாகத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிடச் சிறிய ஒன்றைக் குறையின்றி முடித்துக் காட்டுங்கள். சொன்ன தேதி தள்ளிப் போனால் காரணத்தைச் சொல்லுங்கள். பிழை வந்தால் மறைக்காமல் திருத்திக் கொடுங்கள். பிள்ளைகளை ஏமாற்றி வரும் காசு உங்களுக்கு வேண்டாம். நேர்மையான சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.